விளையாட்டு வீரர்கள் எந்தக் கல்லூரியில் சேர வேண்டும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் ராயகிரி போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: எந்தக் காலேஜ்? நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு மார்க்கே வழி சொல்லிவிடும். மாநிலப் போட்டி வரை ஓடிவிட்டு வந்த பிள்ளைக்கு வழி சொல்லத்தான் ஆள் இல்லை. "ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஃபீஸ் கிடையாதாம்" என்று யாராவது சொன்னால் போதும், பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். இது சரியா?

ஃபீஸ் சின்ன விஷயம் இல்லை. கூலி வேலை பார்க்கும் குடும்பத்தில் அதுதான் பெரிய விஷயம். ஆனால் ஃபீஸ் இல்லாத சீட் வேறு, விளையாட்டை வளர்க்கும் சீட் வேறு. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்குகிறார்கள். கையில் இருக்கும் சான்றிதழ் அந்த இடத்தை வாங்கித் தரும். ஓட ஒரு டிராக்கையோ, தவறைத் திருத்த ஒரு கோச்சையோ வாங்கித் தராது. அவை இல்லாத கல்லூரியில் நாலு வருஷம் இருந்தால், பழைய சான்றிதழ் ஃபைலில் இருக்கும், விளையாட்டு இருக்காது.

மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியைப் பாருங்கள். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். கூலி வேலை செய்து பாட்டி வளர்த்தார். பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடியவரைப் பயிற்சியாளர் கண்ணன் கவனித்தார். முதலில் தயங்கிய பாட்டியிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் ஹாஸ்டலும் கிடைக்க உதவினார். ரேவதி அங்கே தமிழ் இலக்கியம் படித்தார், கண்ணனிடம் பயிற்சி எடுத்தார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். இங்கே கோச் முதலில், கல்லூரி அடுத்து. இந்த வரிசைதான் முக்கியம்.

கபடி, ஹாக்கி போன்ற குழு ஆட்டங்களில் இன்னொரு கணக்கும் உண்டு. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடுகிறவர்களைப் பார்த்துத்தான் பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கபடியில் களத்தில் ஏழு பேர்தான். கோப்பைகள் நிறைந்த கல்லூரியில் மூன்று வருஷம் வெளியே உட்கார்ந்திருப்பவனை யார் பார்ப்பார்கள்? நடுத்தரமான கல்லூரி அணியில் முதல் ஏழில் ஒருவனாக ஆடுவதே மேல்.

அடுத்தது, யாரும் கேட்கத் தயங்கும் கேள்வி. முழங்காலில் அடிபட்டு ஒரு வருஷம் ஆட முடியாமல் போனால் ஃபீஸ் சலுகை தொடருமா? ஹாஸ்டல் இருக்குமா? போட்டிக்குப் போன நாட்களுக்கு வருகைப் பதிவு தருவார்களா? வாய்வார்த்தை போதாது, எழுத்தில் வாங்க வேண்டும். சேரும் முன் கேட்டால் அது கேள்வி. சேர்ந்த பின் கேட்டால் அது கெஞ்சல்.

கடைசியாகப் படிப்பு. டெல்லியில் வளர்ந்த தமிழரான உயரம் தாண்டும் வீரர் தேஜஸ்வின் சங்கர் விளையாட்டு உதவித்தொகையில் அமெரிக்காவின் கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தார். 2022 காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வென்றார். படித்த படிப்பைக் கொண்டு டெலாய்ட் நிறுவனத்தில் வேலையும் பார்த்தார். பதக்கம் வாங்கியவருக்கே படிப்பு தேவைப்பட்டது என்றால், மாநில அளவோடு நின்றுபோகும் பெரும்பாலானவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? எனவே "ஏதோ ஒரு டிகிரி" என்று சேரக் கூடாது. விளையாட்டே இல்லாவிட்டாலும் இதைப் படிப்பேனா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

ராயகிரியிலிருந்து ராஜபாளையமோ, பாளையங்கோட்டையோ, மதுரையோ, எங்கே வேண்டுமானாலும் போகட்டும். சேரும் முன் ஒரு நாள் அதிகாலையில் அந்த மைதானத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் பயிற்சி செய்கிறார்கள், கோச் வந்திருக்கிறாரா என்பது தெரிந்துவிடும். எந்த விளம்பர நோட்டீஸும் இவ்வளவு உண்மையைச் சொல்லாது.