கவசத்தோடு பிறந்தாலும் காவல் வேண்டும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

கவசம் என்று சொன்னதும் நம் பக்கத்து ஜனங்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவன் கர்ணன். சங்கராபுரம், திருக்கோவிலூர் பக்கம் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை. கவச குண்டலத்தோடு பிறந்தவன். அது உடம்பில் இருக்கும்வரை அவனைக் கொல்ல முடியாது. அதனால்தான் இந்திரன் வேடம் போட்டு வந்து, தானமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

அப்படிக் கவசத்தோடு பிறக்கிற ஒரு உயிர் நம் நாட்டுக் காடுகளில் இருக்கிறது. பெயர் அழுங்கு. எறும்புத்தின்னி என்றால் நிறையப் பேருக்குத் தெரியும். கர்ணனிடம் கேட்டாவது வாங்கினார்கள். அழுங்கிடம் யாரும் கேட்பதில்லை. கொன்று உரித்து எடுத்துக்கொள்கிறார்கள்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், சில வாரங்களுக்கு முன் கல்வராயன் மலையிலிருந்து என்னிடம் படித்த ஒருவர் போன் செய்தார். "ஐயா, அழுங்குச் செதில் லட்சக்கணக்குல போகுதாமே, நிஜமா? கீழேர்ந்து ஒருத்தர் வந்து விசாரிச்சுட்டுப் போறாரு" என்றார். அவருக்குப் போனில் சொன்னதை எல்லோருக்கும் சொல்லலாம் என்று தோன்றியது.

முதலில் அந்தக் கவசம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

உடம்பு முழுக்கச் செதில் போர்த்திய பாலூட்டி உலகத்தில் அழுங்கு இனம் ஒன்றுதான். ஆசியாவில் நான்கு வகை, ஆப்பிரிக்காவில் நான்கு வகை. நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஓட்டின் நுனி அடுத்த ஓட்டின் மேல் படிந்திருக்கும். அழுங்கின் செதிலும் அப்படித்தான். உடம்பு எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு செதிலே. வயிற்றுப் பக்கம் மட்டும் செதில் கிடையாது. ஆபத்து வந்தால் வயிற்றை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். குட்டி இருந்தால் அதையும் உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். புலி வந்தாலும் அந்தப் பந்தைப் பிரிப்பது கடினம். நம் முன்னோர் இதைப் பார்த்துத்தான் "அழுங்குப்பிடி" என்று சொல் வைத்தார்கள். ஒன்றைப் பிடித்தால் விடாதவனை இன்றும் அப்படித்தானே சொல்கிறோம்?

மற்ற உயிர்களுக்கும் அவரவர் கவசம் உண்டு. ஆமை ஓட்டைச் சட்டை போலக் கழற்றலாம் என்று குழந்தைகள் படத்தில் காட்டுவார்கள். முடியாது. அது ஆமையின் விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து உருவானது. சீனாவில் கிடைத்த, சுமார் 22 கோடி ஆண்டு பழைய ஆமைப் புதைபடிவம் ஒன்றை 2008இல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அதற்கு வயிற்றுப் பக்க ஓடு முழுதாக இருந்தது, முதுகு ஓடு இன்னும் முழுதாக உருவாகவில்லை. ஒரு கவசம் உருவாக அத்தனை காலம் ஆகிறது. முள்ளம்பன்றிக்குப் பழைய தமிழில் எய்ப்பன்றி என்று பெயர். முள்ளை அம்பு போல எய்யும் என்று நம்பினார்கள். உண்மையில் எய்யாது. திரும்பி நின்று பின்பக்கமாக மோதும், முள் எதிரியின் உடம்பில் தங்கிவிடும். சாத்தனூர் அணைப் பண்ணையில் பார்க்கும் முதலையின் முதுகில் மேடுமேடாகத் தெரிகிறதே, அதற்குள் எலும்புத் தகடுகள் இருக்கின்றன.

இவை எல்லாம் யாரைப் பார்த்து வளர்ந்த கவசங்கள்? பல்லும் நகமும் உள்ள எதிரியைப் பார்த்து வளர்ந்தவை. சாக்குப் பையும் மண்வெட்டியும் கொண்டு வருகிற எதிரியைப் பார்த்து வளர்ந்தவை அல்ல. இங்கேதான் கதை தலைகீழாகிறது. புலியிடமிருந்து காப்பாற்றுகிற அதே சுருளல்தான் மனிதனிடம் அழுங்கைக் காட்டிக்கொடுக்கிறது. ஓடாது, கடிக்காது. கடிக்கப் பல்லே கிடையாது. தேங்காயை எடுப்பது போல எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு போகலாம். கோடிக்கணக்கான ஆண்டுகள் அதைக் காத்த கவசமே இன்று அதன் சாவுக்குக் காரணம்.

மனிதனுக்குக் கவசத்தின் அருமை தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். தன் காரியத்துக்கு வேண்டிய விலங்குக்குத் தானே கவசம் செய்து போட்டவன் அவன்.

நம் ஊரிலேயே பாருங்கள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன மாட்டு வண்டிகளை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாடுகளின் காலில் இருந்த லாடம் ஒரு கவசம்தான். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருக்கும், அதனால் ஒரு காலுக்கு இரண்டு தகடு, நான்கு காலுக்கு எட்டு. மாட்டைச் சாய்த்துக் காலைக் கட்டி, குளம்பைச் சீவி, உணர்ச்சியில்லாத ஓரமாகப் பார்த்து ஆணி அடிப்பார் லாடக்காரர். கை கொஞ்சம் பிசகினால் மாடு நொண்டும். அத்தனை கவனம். கொம்பு நுனிக்குப் பித்தளைக் குப்பி வேறு. இமயமலைப் பக்கத்து இடையர்கள் சிறுத்தைக்குப் பயந்து நாயின் கழுத்தில் இரும்பு முள் பட்டை கட்டுவார்கள். இன்றைக்கு ராணுவ நாய்களுக்குக் குண்டு துளைக்காத அங்கியே வந்துவிட்டது.

இதில் உச்சம் யானைக்கவசம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ராயல் ஆர்மரீஸ் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே முகலாயர் காலத்து யானைக்கவசம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். இரும்புத் தகடுகளைச் சிறு வளையங்களால் கோத்துச் செய்தது. இப்போது மிஞ்சியிருப்பது 5,840 தகடு, எடை 118 கிலோ. முழுதாக இருந்தபோது சுமார் 159 கிலோ இருந்திருக்கும் என்கிறார்கள். 1801இல் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர், அப்போது சென்னை ஆளுநராக இருந்த எட்வர்டு கிளைவின் மனைவி.

அதே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இன்னொரு பொருளும் உண்டு. அழுங்கின் செதில்களால் ஆன ஒரு மேலங்கி. தங்கப்பூச்சு வேலை செய்தது. 1820 வாக்கில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்து அரசருக்கு அன்பளிப்பாகப் போனது.

இரண்டையும் பக்கத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள். யானை சண்டை வேண்டும் என்று கேட்டதில்லை. அதற்கு இரும்பு மாட்டிப் போருக்கு ஓட்டினோம். அழுங்கு யாரோடும் சண்டைக்குப் போனதில்லை. அதன் கவசத்தை உரித்து அரசனுக்கு அங்கி தைத்தோம். ஒரு விலங்குக்குக் கவசம் கொடுத்ததும், இன்னொரு விலங்கிடமிருந்து பிடுங்கியதும் ஒரே காரணத்துக்காக. இரண்டும் நம் வசதிக்காக.

அன்றைக்கு ஓர் அரசனுக்கு ஓர் அங்கி. இன்றைக்கு அளவு வேறு. 2019 ஏப்ரலில் சிங்கப்பூரில் ஒரே வாரத்துக்குள் இரண்டு சரக்குப் பெட்டிகளில் பிடிபட்ட அழுங்குச் செதில் 25 டன்னுக்கும் மேல். சுமார் 38,000 அழுங்குகள் என்று கணக்கிட்டார்கள். நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குப் போய்க்கொண்டிருந்த சரக்கு. ஆப்பிரிக்கக் காடுகளே இப்படிக் காலியாகும்போது இந்தியக் காடு தப்புமா?

எதற்காக வாங்குகிறார்கள்? மருந்து என்று. வேதியியல் படித்தவர்கள் சொல்லுங்கள், செதில் எதனால் ஆனது? கெரட்டின். நம் நகம், முடி, மாட்டின் குளம்பு, ஆட்டுக் கொம்பு எல்லாம் அதே பொருள்தான். நகம் வெட்டிக் குப்பையில் போடுகிறோமே, அதில் இல்லாத மருந்து செதிலில் எங்கிருந்து வரும்? இந்த வணிகத்துக்குப் பெரிய சந்தையான சீனாவே 2020இல் தன் அதிகாரப்பூர்வ மருந்து நூலின் மூலப்பொருள் பட்டியலிலிருந்து அழுங்குச் செதிலை எடுத்துவிட்டது.

சீனாக்காரனை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நம் தென்மாவட்டக் கரட்டு நிலங்களில் முள்ளெலி என்று ஒரு சிறு பிராணி இருக்கிறது. அதுவும் சுருண்டுகொள்ளும். கக்குவான் இருமலுக்கு அதன் முள்ளைச் சுட்டுக் குழந்தைக்குக் கொடுக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. கக்குவானுக்குத் தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். முள்ளெலியை விட்டுவிடலாம்.

இப்போது மலைக்கு வருகிறேன். எனக்கு உண்மையான கவலை இங்கேதான்.

கல்வராயனில் வாழ்பவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். சாமை, தினை, மரவள்ளி விளைவிப்பவர்கள். கடுக்காயும் புளியும் தேனும் எடுத்து விற்பவர்கள். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுவந்தால் விலை சொல்வது கீழே இருப்பவர். வருமானம் பத்தாதபோது தரகர் வருவார். செம்மரக் கதை எல்லோருக்கும் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் செத்த 20 பேரும் தமிழ்நாட்டுக் கூலிக்காரர்கள். கல்வராயனிலிருந்தும் எத்தனையோ பேர் அந்தக் கூலிக்குப் போய் ஆந்திரச் சிறைகளில் கிடந்திருக்கிறார்கள். அனுப்பி வைத்த பெரிய கைகள் எத்தனை பேர் உள்ளே போனார்கள்? நீங்களே சொல்லுங்கள்.

அழுங்கு வியாபாரமும் அதே வழிதான். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இல் அழுங்கு முதல் பட்டியலில் இருக்கிறது. பிடித்தாலோ விற்றாலோ 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். உலக நாடுகளும் 2016இல் சைட்டிஸ் மாநாட்டில் எல்லா வகை அழுங்கு வணிகத்தையும் தடை செய்ய முடிவெடுத்தன. லட்சக்கணக்கில் போகும் என்று சொல்கிறவர் அந்த லட்சம் யார் பைக்குப் போகும் என்று சொல்ல மாட்டார். சிறைக்குப் போவது மட்டும் மலைக்காரர். வாங்க வந்தவர் வேடம் போட்ட வன அதிகாரியாகவும் இருக்கலாம். அப்படி வலை விரித்துப் பிடிப்பதைச் செய்தித்தாளில் பார்க்கிறோமே.

சட்டத்தால் என்ன ஆகும் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் தோலுக்காக வேட்டையாடி முதலையை அழிவின் விளிம்புக்கே கொண்டுபோனோம். 1972இல் சட்டம் வந்தது. 1975இல் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 1976இல் மாமல்லபுரம் பக்கம் முதலைப் பண்ணை வந்தது. இன்று சதுப்பு நில முதலை பல ஆறுகளிலும் ஏரிகளிலும் மீண்டும் இருக்கிறது. முதுகில் எலும்புத் தகடு இருந்தும் பிழைக்க முடியாத உயிர், நாம் கொடுத்த காவலால் பிழைத்தது.

ஆனால் ஒரு வித்தியாசம். முதலை கூட்டில் முட்டை நிறைய இடும், பண்ணையில் பொரிக்க வைக்கலாம். அழுங்கு பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரே குட்டிதான் போடும். கூண்டில் அடைத்து வளர்ப்பதும் மிகக் கடினம். அதைக் காப்பாற்ற முடிந்த இடம் காடு மட்டுமே. காட்டில் அதன் பக்கத்தில் இருப்பவர்கள் மலைமக்கள் மட்டுமே.

ஆகவே என் கருத்தை நேரடியாகச் சொல்கிறேன். அழுங்குக்கு இனி வேண்டிய கவசம் மலைவாசியின் வயிறு நிறைவதுதான். வேட்டைத் தடுப்புக் காவலர் வேலையை மலைப் பிள்ளைகளுக்கே, மாதச் சம்பளம் தவறாமல், நிரந்தரமாகக் கொடுங்கள். எந்தப் புற்றில் எது படுத்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரிவது வேறு யாருக்கும் தெரியாது. வன உரிமைச் சட்டம், 2006 சொல்லும் உரிமைகளை இழுத்தடிக்காமல் வழங்குங்கள். கடுக்காய்க்கும் தேனுக்கும் நியாய விலை கிடைக்கச் செய்யுங்கள். வழக்கு என்று வந்தால் சாக்கைத் தூக்கியவனோடு நிறுத்தாமல், சாக்கு கொடுத்தவன்வரை போங்கள். இதைச் செய்யாமல் சட்டப் புத்தகத்தை மட்டும் காட்டினால், நாளைக்கு அழுங்கும் இருக்காது, மலைப் பிள்ளைகள் பாதி சிறையில் இருப்பார்கள்.

மலையில் இருக்கும் என் மாணவர்களுக்கு: யாராவது வந்து விசாரித்தால் "தெரியாது" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். மறுபடி வந்தால் வண்டி எண்ணைக் குறித்து வனத்துறை அலுவலகத்தில் சொல்லுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஊர்ப் பெரியவர்களோடு போங்கள். நிலத்திலோ கிணற்றிலோ அழுங்கு தென்பட்டால் சுற்றி நின்று செல்போனில் படம் எடுக்காதீர்கள். அது சுருண்டு கிடப்பது பயத்தில். கொஞ்சம் விலகி நின்றால் இருட்டியதும் அதுவே போய்விடும். கிணற்றில் விழுந்திருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு: தகவமைப்புப் பாடம் நடத்தும்போது துருவக் கரடியோடும் ஒட்டகத்தோடும் நிறுத்தாமல் அழுங்கையும் சொல்லுங்கள். மலைப் பள்ளியாக இருந்தால், பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று கேளுங்கள். பாடத்தைப் பிள்ளைகளே நடத்துவார்கள்.

இந்தப் பதிவை மலைப்பக்கம் உறவினர், நண்பர் இருப்பவர்கள் அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், பேசலாம்.