பகிடிக்குத்தானே சொன்னோம்!

தரம் எட்டில் எங்களோடு ஒரு மாணவி படித்தாள். வாசிக்கும்போது அவளுக்குச் சில எழுத்துகள் திக்கும். ஒருநாள் தமிழ்ப் பாடத்தில் அவள் எழுந்து வாசித்தபோது யாரோ சிரித்தார்கள். இடைவேளை முடிவதற்குள் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்துவிட்டது. அந்தப் பெயரை நான் வைக்கவில்லை. ஆனால், நானும் அப்படியே கூப்பிட்டேன். டீச்சர் விசாரித்தபோது, "பகிடிக்குத்தானே சொன்னோம்" என்றோம். அதன் பிறகு அவள் வகுப்பில் கை உயர்த்தவேயில்லை. அடுத்த வருடம் வேறு பாடசாலைக்குப் போய்விட்டாள்.

அடித்தால்தான் கொடுமை என்று நாம் நினைக்கிறோம். ஐக்கிய நாடுகள் சபை 1989 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயம் அப்படிச் சொல்லவில்லை. இலங்கையும் 1991 இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. உடலுக்கு மட்டுமன்றி உள்ளத்துக்கு இழைக்கப்படும் வன்முறையிலிருந்தும் பிள்ளைகள் பாதுகாக்கப்பட வேண்டும் என்கிறது அதன் 19 ஆவது உறுப்புரை. பிறந்தது முதல் ஒரு பெயரைக் கொண்டிருப்பது பிள்ளையின் உரிமை என்கிறது 7 ஆவது உறுப்புரை. உம்மாவும் வாப்பாவும் ஆசையோடு வைத்த பெயரை மறைத்து இன்னொன்றை ஒட்ட நமக்கு யார் அதிகாரம் தந்தது?

ஸூரதுல் ஹுஜுராத்தின் 11 ஆவது வசனமும் பரிகாசத்தையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் தடுக்கிறது. பெண்கள் பெண்களைப் பரிகசிப்பதை அது தனியாகவே குறிப்பிடுகிறது. காலைக்கூட்டத்தில் அதைக் கேட்டுவிட்டு, வகுப்புக்குள் வந்ததும் மறந்துவிடுகிறோம்.

"தோழிகள் செல்லமாகக் கூப்பிடுவதும் குற்றமா?" என்று கேட்கலாம். வித்தியாசத்தை அறிவது கடினமல்ல. "அப்படிக் கூப்பிடாதே" என்று அவள் சொன்னால் நாம் நிறுத்துவோமா? நிறுத்தினால் அது செல்லம். நிறுத்தாவிட்டால் அது கொடுமை. அதை வட்ஸ்அப் குழுவில் போட்டால், வீட்டுக்குப் போன பிறகும் அவளுக்கு ஓய்வில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை அழுதுகொண்டு வந்தால், "கணக்கெடுக்காதே" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். "நீ என்ன செய்தாய்?" என்று அவளையே விசாரிக்கவும் வேண்டாம். முதலில் முழுவதையும் கேளுங்கள். பிறகு வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். அங்கும் தீராவிட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இருக்கிறது. அதை அழைப்பது குடும்பத்துக்கு வெட்கமல்ல. உங்கள் பிள்ளையே இன்னொருத்தியைப் பரிகசிப்பதாகத் தெரிந்தால், அப்போதும் மூடி மறைக்காதீர்கள். அவளுக்கும் திருத்தம் தேவை.

மாணவிகளே, பட்டப்பெயரை வைப்பவர் ஒருவர்தான். சிரிக்கும் நாற்பது பேர்தான் அதை வாழவைக்கிறோம். அந்தச் சிரிப்பு நின்றால் பெயரும் நின்றுவிடும். எல்லோரும் சிரிக்கும்போது அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி, "வா, இங்கே இரு" என்று கூப்பிட ஒருத்தி போதும்.

தரம் எட்டில் நான் அந்த ஒருத்தியாக இருக்கவில்லை. நீங்கள் இருங்கள்.