கையொப்பம் யாருடையது?

வில்லங்கச் சான்று ஒன்றை எடுத்துப் பார்க்கும்போதுதான் பலருக்குத் தம் நிலம் கைமாறிய செய்தி தெரியவருகிறது. தந்தை மறைந்து பல ஆண்டுகள் ஆன பின்னர், அவரே நேரில் வந்து எழுதிக் கொடுத்ததாக ஒரு பொது அதிகார ஆவணம். அதைக் கொண்டு ஒரு கிரயம். கிரயத்தின்மீது ஓர் அடமானம். சான்றில் மூன்று பதிவுகள், அவ்வளவே. அத்தாளோடு காவல் நிலையம் செல்வோரிற் பலர் 'இது சிவில் விவகாரம்' என்ற சொல்லைக் கேட்டுத் திரும்புவதை நாடறியும். அத்தடையைக் கடந்து, மாவட்டக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்து, குற்றப்பத்திரிகையும் நடுவர் மன்றத்தை அடைந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அதன்பின் என்ன நேர்கிறது?

ஏட்டளவில் சட்டம் கடுமையானதே. 1775இல் கல்கத்தாவில் மகாராஜா நந்தகுமார் தூக்கிலிடப்பட்டது ஆவணம் புனைந்தார் என்ற குற்றத்துக்காகத்தான். அவ்வழக்கில் அரசியற் பகையின் வாடை வீசிற்று என்பது தனிக்கதை. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் இக்குற்றத்துக்குத் தூக்கை வைக்கவில்லை. ஆயினும் உயில், கிரயம் முதலான மதிப்புடை ஆவணங்களைப் புனைவோர்க்கு 467ஆம் பிரிவில் ஆயுள் தண்டனை வரை வகுத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 338ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. இத்துணைக் கொடிய குற்றத்தை விசாரிக்கும் பொறுப்பு யாரிடம்? முதல் வகுப்புக் குற்றவியல் நடுவரிடம். அவர் விதிக்கத்தக்க சிறைத் தண்டனையின் உச்சம் 3 ஆண்டு. அது போதாதெனக் கருதினால் தலைமைக் குற்றவியல் நடுவருக்கு வழக்கை அனுப்பலாம். அங்கும் 7 ஆண்டே எல்லை. ஆயுள் தண்டனை என்ற சொல், பிணை மனுவை எதிர்க்கும் அரசு வழக்கறிஞரின் வாதத்துக்குப் பயன்படுவதோடு சரி.

இனி, மெய்ப்பிக்கும் பாடு. மூலப் பத்திரம் இன்றி முறையான ஆய்வு இல்லை. நகலை வைத்துக்கொண்டு எழுதுகோலின் அழுத்தத்தை எடைபோட இயலாது. மூலமோ எதிரியின் கையில், தொலைந்துபோயிற்று என்பார். கிடைத்தாலும், ஒப்பிட்டுப் பார்க்க ஏறத்தாழ அதே காலத்துக் கையொப்பம் வேண்டும். வங்கிப் படிவம், கூட்டுறவுச் சங்கக் கடன் தாள், ஓய்வூதியக் கோப்பு என்று குடும்பத்தார் பெட்டிகளைக் கிளறுவர். பிறர் கையொப்பத்தைப் பார்த்து வரைபவனின் கை மெல்ல நகரும். இயல்பாக ஓடவேண்டிய கோடு நடுங்கும். எடுக்க வேண்டாத இடத்தில் எழுதுகோலை எடுத்து மீண்டும் வைத்த தடம் தெரியும். ஆனால் எழுபது வயது முதியவரின் உண்மைக் கையொப்பமும் நடுங்கத்தான் செய்யும். குறுக்கு விசாரணை நுழையும் வாயில் இதுதான். எழுத்தியல் வல்லுநரின் கருத்தை மட்டும் ஏற்றுத் தீர்ப்பளிக்கவே கூடாது என்ற விதி ஏதுமில்லை என முராரிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கூடவே எச்சரிக்கையும் வேண்டும் என்றது. நடுவர்கள் துணைச்சான்று தேடுவதை நாம் குறைகூறவில்லை. அத்தகைய சான்று சார்பதிவகத்திலேயே உள்ளது: பதிவின்போது பெற்ற பெருவிரல் ரேகை. அதைக் காலத்தில் கைப்பற்றி, ஐயத்துக்குரியோரின் ரேகைகளோடு ஒப்பிடாத புலனாய்வை மன்னிக்க இயலாது.

இவையெல்லாம் கைகூடிய பின்னும், 'புனைவு' என்ற சொல்லின் பொருளே சில வேளை வழக்கை வீழ்த்திவிடும். தனக்குரிமையில்லாத நிலத்தைத் தனதென்று சொல்லித் தன் பெயரிலேயே விற்பவன் ஏமாற்றுக்காரனாகலாம், பொய்யாவணம் புனைந்தவன் ஆகான் என்றது 2009ஆம் ஆண்டின் முகம்மது இப்ராகிம் தீர்ப்பு. 2018இல் தமிழகத்திலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற வழக்கு இன்னும் துயரமானது. ஆள்மாறாட்டத்தால் எழுந்த அதிகார ஆவணம்; அதனால் பயன்பெற முயன்றவர் கூண்டில் நின்றார்; கீழமை நீதிமன்றங்கள் இரண்டும் தண்டித்தன. கையொப்பமிட்ட ஆள் யாரென்றே கண்டறியப்படவில்லை. ஆவணத்தை இயற்றாதவர்மீது புனைவுக் குற்றம் சாராது எனக் கூறி, உயர் நீதிமன்றம் அளித்த விடுதலையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. புலனாய்வின் சீர்கேட்டையும் கடிந்துரைத்தது. சட்ட நுணுக்கத்தில் அத்தீர்ப்பைப் பழிப்பது அரிது. நிலத்துக்குரியவரிடம் போய் அதை விளக்குவது அதனினும் அரிது.

தீர்ப்பைக் காணாமலே முடியும் வழக்குகளும் உண்டு. வாய்தாக்கள் நீளும். சாட்சிக் கையெழுத்திட்டவர் பிறழ்சாட்சியாவார். பத்திர எழுத்தர் இறந்திருப்பார். ஒரு நாள் இருதரப்பும் அமர்ந்து விலை பேசும். மோசடிக் குற்றத்தை நீதிமன்றத்தின் இசைவோடு சமரசம் செய்யச் சட்டம் இடந்தருகிறது. புனைவுக் குற்றத்துக்கு அவ்விடம் இல்லை. ஆகவே சமரச மனு சென்னைக்கோ மதுரைக்கோ பயணமாகும். 2012ஆம் ஆண்டின் கியான் சிங் தீர்ப்பு, தனிமனிதர் தகராறின் சாயல் மிகுந்த வழக்குகளைத் தன் உள்ளார்ந்த அதிகாரத்தால் உயர் நீதிமன்றம் நீக்கலாம் என வழிதிறந்தது. நிலம், புனைவு, பணப்பறிப்பு மூன்றும் கலந்த குஜராத் வழக்கொன்றில், சமரசம் ஆயிற்று என்பதற்காக மட்டும் நீக்க முடியாது என்று 2017இல் அதே உச்ச நீதிமன்றம் மறுத்தும் இருக்கிறது. இவ்விரண்டாம் குரல் இன்னும் உரக்க ஒலிக்க வேண்டும் என்பது நம் கருத்து. சமரசத்தை நாம் வெறுக்கவில்லை. அறுபதைக் கடந்த ஒருவர் இன்னும் பத்தாண்டு வாய்தாவுக்கு அலையட்டும் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அங்கே தீர்வது நிலத்தின் விலை மட்டுமே. கையொப்பம் யாருடையது என்ற வினா விடையின்றிக் கோப்போடு கட்டப்படுகிறது. அதையிட்ட கை அடுத்த ஊருக்குப் போகிறது.

இதனிடையே இன்னொரு கேடும் நிகழ்கிறது. ஆவணத்தை நீக்கக் கோரும் உரிமையியல் வழக்குக்குக் காலவரம்பு, விவரம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு. குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தோர் அவ்வரம்பைத் தவறவிட்டுத் தவிப்பதுண்டு. இத்துயர் போக்கவே 2022இல் பதிவுச் சட்டத்தில் 77-அ பிரிவைச் சேர்த்து, போலிப் பத்திரங்களை நீக்கும் அதிகாரத்தை மாவட்டப் பதிவாளருக்குத் தமிழக அரசு வழங்கியது. நீதிமன்றத்தின் வேலையை அலுவலரிடம் ஒப்படைப்பது அரசமைப்புக்கு ஒவ்வாது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்பிரிவை நீக்கிவிட்டது. அதில் நியாயம் உண்டு. அவ்வாறாயின் அவ்வேலையை நீதிமன்றமே செய்யட்டும். பதிவான ஆவணத்தை உரிமையியல் நீதிமன்றம் நீக்கினால், தீர்ப்பாணையின் நகலைப் பதிவு அலுவலருக்கு அனுப்பவேண்டும், அவர் தம் புத்தகத்தில் அதைக் குறிக்கவேண்டும் என்று 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் 31ஆம் பிரிவில் விதித்துள்ளது. புனைவு மெய்ப்பிக்கப்பட்டுத் தண்டனை விதிக்கும் நடுவருக்கும் அக்கடமையைச் சட்டமன்றம் விரித்தளிக்க வேண்டும். சமரசத்தை ஏற்கும் உயர் நீதிமன்றமோ அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தடய அறிவியல் அறிக்கை கோப்பில் சேர்ந்ததா, ரத்துப் பத்திரம் பதிவாயிற்றா என்று இரண்டே கேள்விகளைக் கேட்டுவிட்டு, நீக்க ஆணையில் இன்றே கையொப்பமிடலாம்.