தேர்பவன் கை

நடுநிலை அமைப்பை அடக்க நினைக்கும் ஆட்சியர் அதனை நேரே தாக்குவதில்லை. அதில் யாரை அமர்த்துவது என்னும் உரிமையைக் கைக்கொள்கின்றனர். இந்தியத் தேர்தல் ஆணையத்திற்கு நேர்ந்தது இதுவே.

ஆணையரை அமர்த்தும் முறைக்குச் சட்டம் இயற்ற அரசியலமைப்பின் 324ஆம் கூறு வழிவிட்டிருந்தும், 70 ஆண்டு கடந்தும் எக்கட்சியும் இயற்றவில்லை. நடுவணமைச்சரவை விரும்பியவரே ஆணையர். சேசன் கண்டிப்புக் காட்டியதும், 1993 அக்தோபரில் காங்கிரசு ஆட்சி மேலும் இருவரை அவர் பக்கத்தில் அமர்த்தியது. 2023 மார்ச்சில் உச்ச முறைமன்றம், சட்டம் வரும்வரை தலைமையமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை முறைவர் ஆகிய மூவர் குழு தேர்க எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு திசம்பரிலேயே பா.ச.க. ஆட்சியின் சட்டம் வந்துவிட்டது! தலைமை முறைவர் நீங்கினார். தலைமையமைச்சரே பெயர் சுட்டும் அமைச்சர் ஒருவர் அவ்விடத்திற்கு வந்தார். மூவரில் இருவர் ஓரணி. எதிர்க்கட்சித் தலைவர் எதற்கு? மறுப்பெழுதிக் கையொப்பமிடவோ? 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தல் அறிவிப்பிற்கு இரு நாள் முன்னர், ஆணையர் இருவர் இம்முறையில்தான் அமர்த்தப்பெற்றனர்.

பராந்தகச் சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். (அது பார்ப்பனர் அவையே, அனைவர்க்கும் உரியதன்று. அக்குறை வேறு.) வாரியத்திற்குக் குடத்திலிருந்து ஓலையெடுக்க, ஒன்றுமறியாச் சிறுவனை நிறுத்தினர். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினனும் வாரியத்திற்கு ஆகார். போட்டியிடுவோனே நடுவரைத் தேர்வதை அவ்வூரார் ஒப்பியிருப்பரா?

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலை நடத்துவதும் இவ்வாணையமே. ஆயினும் 2023ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த குழுவில் மாநிலங்களுக்கு ஓர் இருக்கையும் இல்லை. தலைமை முறைவரை மீண்டும் சேர்க்கக் கேட்போர் இதனையும் கேட்கட்டும்.