திறந்த கதவும் பதிவறை ஜன்னலும்

போன மாதம் ஒரு புத்தகத்துக்காகச் சென்னை போய் வந்தேன். திருப்பாலைவனத்திலிருந்து பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில். எந்த நூலகம் என்பது வேண்டாம். "பட்டியல் கம்ப்யூட்டரில்தான் சார் இருக்கு, ஆனா நேர்ல வந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார்கள் போனில். போய்ப் பார்த்தேன். இல்லை. எழுபது தாண்டிய முழங்காலுக்கு நல்ல தண்டனை.

தேடியது எது என்று சொல்லிவிடுகிறேன். நம் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் ஜெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள் அல்லவா? 1630களில் அங்கே பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜர், இந்தப் பக்கத்து வழிபாடுகளையும் வழக்கங்களையும் பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டு எழுதிய நூல். 1651இல் லெய்டனில் அச்சாயிற்று. 1670இல் ஆம்ஸ்டர்டாமில் பிரெஞ்சிலும் வந்தது. அதன் தலைப்பில் 'லா போர்த் உவெர்த்' என்று வரும். திறந்த கதவு என்று பொருள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு, பக்கத்து ஊரைப் பற்றிய பிரெஞ்சுப் புத்தகம் என்றால் ஆசை வராதா?

வீட்டுக்கு வந்ததும் பேரன் சிரித்தான். "முதல்லயே என்கிட்ட சொல்லக் கூடாதா தாத்தா?" ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரத்துக் கூட்டுப் பட்டியலைத் திறந்தான். 1996இலிருந்து நடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதனிடம் சொந்தமாக எந்தப் பட்டியலும் கிடையாது. நாம் கேட்பதைப் பல நாட்டு நூலகங்களுக்கும் அனுப்பி, வரும் பதிலை நமக்குக் காட்டும். அவ்வளவே. அன்று ராத்திரியே புத்தகம் திரையில் இருந்தது.

இது எப்படி என்றால் 'ஏபிஐ' என்றான். எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். எங்கள் ஆபீசில் பதிவறைக்குள் யாரும் நுழைய முடியாது. ஜன்னலில், குறித்த படிவத்தில், கோப்பு எண் எழுதிக் கொடுக்க வேண்டும். படிவம் சரியாக இருந்தால் கோப்பு வரும். இல்லையென்றால் சீட்டு திரும்பி வரும். ஏபிஐ அந்த ஜன்னல்தான். சீட்டு எழுதுவது மட்டும் மனிதன் அல்ல, இன்னொரு கம்ப்யூட்டர். கேட்டது இல்லை என்றால் 404 என்று பதில் வருமாம். எங்கள் பதிவறை எழுத்தர் இதைவிடக் கடுமையாகச் சொல்வார்.

பெயர்ச் சிக்கலும் இதனால் தீர்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பிள்ளை 'பிள்ளை'யாகவே இருப்பார். பழைய பிரெஞ்சு நூல்களில் 'புல்லே' ஆகிவிடுவார். பல நாட்டு தேசிய நூலகங்களின் பெயர்ப் பட்டியல்களைக் கோத்து வைத்திருக்கும் 'வியாஃப்' போன்ற சேவையைக் கேட்டால், இருவரும் ஒருவரே என்று சொல்லிவிடும். பழவேற்காட்டுக்கும் இந்தக் கதிதான். புலிகாட் என்று தேடினால் ஒன்று, பலியாகட்டா என்று தேடினால் வேறொன்று.

நம் நூலகங்களுக்கு இது எட்டாத காரியமா? நியூசிலாந்தில் ஒரு சிறு நூலகத்துக்காக எழுதிய 'கோஹா' மென்பொருள் 2000இலிருந்து ஓடுகிறது. இலவசம், மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கே அன்பளிப்பு என்றுதான் அர்த்தம். அதில் இந்த ஜன்னல் கூடவே வருகிறது. நம் கல்லூரிகள் பலவற்றிலும் கோஹாதான். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டியதுதான் பாக்கி.

நூலகத் துறையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், "திறந்துவிட்டால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்" என்கிறார். என்னத்தை அள்ளுவார்கள்? போவது பட்டியல்தானே, புத்தகம் அல்ல. ஆள் பற்றாக்குறை என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். கிளை நூலகர்கள் படும் பாடு தெரியும். ஆனால் வீட்டு வரியோடு நூலக வரியும் 1948 சட்டத்தின்படி கட்டுகிறோம். எங்கே என்ன புத்தகம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் ஏன் பஸ் ஏற வேண்டும்?

மனு எழுதிப் போட்டிருக்கிறேன், பழைய பாணியில், பொருள், பார்வை எல்லாம் போட்டு. ஒப்புகை அட்டை வந்துவிட்டது. பதில் வரும் வரை ரோஜரோடு பொழுது போகிறது. நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறேன். அந்தக் காலத்து அச்சில் 'எஸ்' எல்லாம் 'எஃப்' மாதிரி இருப்பதால், ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கிறது.