பெற்றுக் கொடுத்தவள்



பிள்ளையை எடுத்து வளர்த்தவளைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். பெறாத பிள்ளையைப் பெற்ற பிள்ளைபோல் வளர்த்தாள் என்று புகழ்கிறோம். புகழ வேண்டியதுதான். ஆனால் அந்தப் பிள்ளையைப் பெற்றுக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போனாளே ஒருத்தி, அவளை நம்மில் யார் நினைத்தோம்?

பத்து பாகாட், யோங் பெங், ஆயர் ஈத்தாம் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சேலை கட்டி, பொட்டு வைத்து, நம்மைவிட நல்ல தமிழ் பேசிய சீனப் பெண் ஒருத்தியையாவது அறிந்திருப்பார்கள். ஜப்பான்காரன் காலத்திலும், அதற்கு முன்னும் பின்னும், மலாயாவில் எத்தனையோ சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழர் வீட்டுக்கும் மலாய்க்காரர் வீட்டுக்கும் கொடுத்தன. வறுமை ஒரு காரணம். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற எண்ணம் இன்னொன்று. புலி வருடத்தில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற சோதிடமும் சேர்ந்துகொண்டது. 1950-ம் 1962-ம் புலி வருடங்கள். நாம் மட்டும் என்னவாம்! மூல நட்சத்திரத்துப் பெண் மாமனாருக்கு ஆகாதென்று நம்மவர்கள் தள்ளி வைக்கவில்லையா?

அந்தச் சீனத் தாய் மனமுவந்தா கொடுத்திருப்பாள்? மாமியாரும் புருஷனும் பேசி முடித்திருப்பார்கள். அவளை யார் கேட்டார்கள்? பிள்ளை போன பிறகும் மார்பில் பால் கட்டும், ரவிக்கை நனையும். பிள்ளை இல்லையென்று மனசுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாதே!

செத்த பிள்ளைக்கு ஒப்பாரி வைக்கலாம். நாலு பேர் வந்து துக்கம் விசாரிப்பார்கள். கொடுத்த பிள்ளைக்காக வாய்விட்டு அழ முடியுமா? அழுதால், "நீதானே கொடுத்தாய்?" என்று கேட்க ஆள் இருக்கிறது.

காலம் ஆற்றிவிடும் என்பீர்கள். ஆஸ்திரேலியாவில் விங்க்ளர், வான் கெப்பல் என்ற இரு ஆய்வாளர்கள், பிள்ளையைத் தத்துக் கொடுத்த தாய்மார்களிடம் விசாரித்து 1984-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வருடங்கள் போகப்போக வேதனை கூடித்தான் இருந்தது. மனம்விட்டுப் பேச ஆளில்லாதவர்களின் பாடுதான் அதிகம். அந்த நாட்டில் கல்யாணமாகாத தாய்மார்களை வற்புறுத்திப் பிள்ளையைப் பிரித்த கொடுமைக்காக, 2013 மார்ச் 21-ஆம் தேதி பிரதமர் ஜூலியா கில்லார்ட் அரசாங்கத்தின் பேரில் மன்னிப்புக் கேட்டார்.

நம் வீட்டில் என்ன நடக்கிறது? பெண் ஒருத்தி கல்யாணத்துக்கு முன் தாயாகிவிட்டால், பெரியம்மாவும் அத்தையும் கூடிப் பேசி, இரவோடு இரவாகப் பிள்ளையைக் கைமாற்றிவிடுகிறோம். மானம் தப்பியதாம். அந்தப் பெண்ணைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "எல்லாவற்றையும் மறந்துவிடு" என்கிறோம். கடன் பாக்கியா, மறந்துவிட?

முஸ்லிம் அல்லாதாருக்கு 1952-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இருக்கிறது. அது பெற்றவளின் சம்மதத்தைக் கேட்கிறது. பிள்ளை குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து வளர்ப்பவர் பராமரிப்பில் இருந்த பிறகே நீதிமன்றம் உத்தரவு கொடுக்கும். சமூக நல இலாகாவுக்கும் தெரிவிக்க வேண்டும். இதெல்லாம் வீண் அலைச்சல் என்று வாய்ப்பேச்சில் பிள்ளையைக் கொடுத்தால், பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடம், அடையாள அட்டை என்று பிறகு பிள்ளைதான் அல்லாடும். தாய்க்கும் யோசிக்க நாள் கிடைக்காது. பிரசவ அலுப்பில் கிடப்பவளிடம் பேனாவை நீட்டாதீர்கள். பிள்ளையை மடியில் வைத்துப் பார்க்கட்டும். பேர் வைக்க ஆசைப்பட்டால் வைக்கட்டும். ஒரு படம் கேட்டால் கொடுங்கள். பார்த்தால் பாசம் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது பத்து மாதமாக ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

உங்கள் பக்கத்து வீட்டிலேயே அப்படி ஒருத்தி இருக்கலாம். இன்று அவளுக்கு மூன்று பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்கூட இருக்கலாம். "இன்னொன்று பிறந்துவிட்டதே, பிறகென்ன?" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கொடுத்த பிள்ளை பிறந்த தேதி அவளுக்கு மறந்திருக்காது. அது உங்களுக்கும் தெரியுமானால், அன்றைக்கு அவள் வீட்டுப் பக்கம் போய், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். அவளாகப் பேச்செடுத்தால் கேளுங்கள்.