மாயக் குறியீடுகளும் மனதில் நில்லாத இலக்கங்களும்

"உங்கள் கையடக்கத் தொலைபேசி பற்றி நீங்கள் அறியாதவை" என்ற தலைப்புடன் 2000களில் மின்னஞ்சல் ஒன்று உலகை வலம் வந்தது. அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று வட்ஸ்அப்பில் உலவுகின்றன. உயிர் காக்கும் தகவல், பலருக்கும் அனுப்புங்கள் என்ற வேண்டுகோளும் தவறாமல் கூடவே வரும். செய்தி மேசையில் பல்லாண்டுகள் இருந்தவன் என்ற வகையில், உயிரோடு தொடர்புடைய தகவலையே முதலில் சரிபார்க்க வேண்டும் என்பேன்.

மின்கலம் தீரும்போது *3370# என அழுத்தினால் மறைந்திருக்கும் மின்சக்தி வெளிப்படும் என்கிறது அம்மடல். இது பொய். பழைய நொக்கியாத் தொலைபேசிகளில் அக்குறியீடு குரலின் தெளிவைக் கூட்டுவதற்கு உரியது. அதனால் மின்கலம் இன்னும் விரைவாகவே தீரும்! ஆபத்தில் சிக்கியவர் இதை நம்பினால் என்னாகும்?

112 பற்றிய செய்தி பாதி உண்மை. பூட்டிய தொலைபேசியிலும் அதை அழைக்கலாம். நமது நிறுவனத்தின் அலை இல்லாவிடின் வேறு நிறுவனத்தின் அலையூடாகவும் செல்லும். எந்த அலையும் எட்டாத இடத்தில் பயனில்லை. சிம் அட்டை இல்லாமலும் அழைக்கலாம் என்பது எல்லா நாடுகளுக்கும் பொருந்தாது. ஜேர்மனி 2009 இல் அதனை நிறுத்திவிட்டது.

மாயக் குறியீடுகளை மனனம் செய்யும் நாம், வேண்டிய இலக்கங்களை மறந்துவிடுகிறோம். இலங்கையில் பொலிஸாருக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த இலவச அம்புலன்ஸ் சேவைக்கு 1990. பிரித்தானியாவில் 999, கனடாவில் 911, அவுஸ்திரேலியாவில் 000. பேரப்பிள்ளைகளைப் பார்க்க ரொறன்ரோ சென்று, பகலில் வீட்டில் தனித்திருக்கும் தாய்க்கு அந்த மூன்று இலக்கங்களைச் சொல்லிக் கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அதனையும் வீட்டு முகவரியையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இன்றைய தொலைபேசிகளில் இரத்த வகை, ஒவ்வாத மருந்து, உறவினரின் இலக்கம் ஆகியவற்றைப் பூட்டிய திரையிலும் பிறர் காணுமாறு பதிந்து வைக்கலாம். நினைவிழந்து வீதியில் கிடப்பவருக்காக அது பேசும். பேரிடர் வேளையில் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் இணைப்பு கிடைக்காது. அப்போது குறுஞ்செய்தி அனுப்புங்கள். அது போய்ச்சேரும் வாய்ப்பு அதிகம், மின்கலமும் மிஞ்சும்.

அடுத்த முறை அம்மடல் வந்தால் பலருக்கு அனுப்ப வேண்டாம். உங்கள் பெற்றோரை அழைத்து, அவசர இலக்கம் தெரியுமா என்று கேளுங்கள்.